16-க்கு 12 ஹாலில் இரண்டு சின்னப் பெட்டிகள்

ஸ்பீக்கர் வாங்க வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால் நான் முதலில் கேட்பது அவர்கள் வீட்டு ஹாலைப் பற்றி. நீளம் என்ன, அகலம் என்ன, தரையில் டைல்ஸா மொசைக்கா, டிவி எந்தச் சுவரில், சோஃபா துணியா ரெக்சினா. பாட்டுக் கேட்க ஒரு பெட்டி வாங்குவதற்கு இவ்வளவு விசாரணையா என்று சலித்துக்கொள்வார்கள். கடையில் கேட்ட சத்தம் கடையோடு நின்றுவிடும். வீட்டுக்கு வருவது பெட்டி மட்டும்தான். மீதியை நம் வீட்டுச் சுவர்கள் தங்கள் இஷ்டத்துக்குச் சேர்த்துக்கொள்ளும்.

எங்கள் ஹால் 16 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். சென்னையில் கொஞ்சம் பழைய அடுக்குமாடி வீடு. தரையில் வழவழ டைல்ஸ், தலைக்கு மேல் கான்கிரீட், சுற்றிலும் பூசி பெயிண்ட் அடித்த செங்கல் சுவர். ஒரு பக்கம் வீடு கட்டும்போதே போட்ட சிமென்ட் ஷோகேஸ். டிவி 12 அடிச் சுவரில் இருக்கிறது, சோஃபா அதற்கு எதிரே. வீட்டில் ஆளுக்கொரு தேவை. அம்மாவுக்கு சீரியல் வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும், அதுவும் அவர் உட்காரும் ஓரத்து நாற்காலியிலிருந்து. மகளுக்கு ஃபோனிலிருந்து நேராகப் பாட்டு வர வேண்டும். எனக்குக் கச்சேரிப் பதிவுகளில் மிருதங்கம் மிருதங்கமாகக் கேட்க வேண்டும். மனைவி இரண்டே நிபந்தனை வைத்தார்: ஆளுயரத்துக்கு எதுவும் வந்து நிற்கக் கூடாது, ஒயர் கண்ணில் படக் கூடாது.

ஆக, சின்னப் பெட்டி. அது முடிவானதுமே ஹாஃப்மன் வந்து குறுக்கே உட்கார்ந்துகொள்கிறார்.

ஜோசப் ஆன்டன் ஹாஃப்மன் அமெரிக்காவில் 1957-இல் தொடங்கிய கே.எல்.எச். நிறுவனத்தின் மூன்று பேரில் ஒருவர்; பெயரின் கடைசி எழுத்து அவருடையது. ஸ்பீக்கர்காரர்கள் அவர் பெயரால் ஒரு 'இரும்பு விதி' சொல்வார்கள். பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், பேஸ் ஆழமாக இறங்க வேண்டும், கொஞ்சம் வாட்ஸிலேயே சத்தம் நிறைய வர வேண்டும். இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும், எந்த இரண்டு என்பது உங்கள் விருப்பம். இதற்குக் கணக்கும் உண்டு. ஒலி விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதுதான் ஹெர்ட்ஸ், எண் குறையக் குறைய பேஸ் ஆழம். அதே அளவுப் பெட்டியை 80 ஹெர்ட்ஸுக்குப் பதில் 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்படி வடிவமைத்தால், அதன் திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். அதாவது முன்பு வந்த அதே சத்தத்துக்கு எட்டு மடங்கு வாட்ஸ் கொட்ட வேண்டும். கையடக்கமான டப்பாவில் தியேட்டர் பேஸ் என்று விளம்பரம் பார்த்தால், மூன்றாவதில் எதைக் கழித்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். பெரும்பாலும் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றியதுமே பேஸ் தானாக உள்ளே ஒடுங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் சிப் அதைச் செய்கிறது.

விதியை ஒப்புக்கொண்டு, எதை விடுவது என்று யோசித்துச் செய்த பெட்டிகளும் உண்டு. எனக்குப் பிடித்த உதாரணம் பி.பி.சி.யின் எல்எஸ்3/5ஏ. 1970-களில் வெளி ஒலிபரப்பு வேன்களுக்காக பி.பி.சி. பொறியாளர்கள் வடிவமைத்தது. வேனுக்குள் இடம் கிடையாது. பேச்சும் குரலும் சரியாக இருக்கிறதா என்று காதால் பார்க்கத்தான் அது தேவைப்பட்டது. ஓரடி உயரம், ஏழரை அங்குல அகலம். கெஃப் நிறுவனத்தின் 5 அங்குல வூஃபரும் (கீழ்ச் சுருதிகளுக்கான ஸ்பீக்கர்) ஒரு சின்ன ட்வீட்டரும் (மேல் சுருதிகளுக்கானது). துளையே இல்லாத மூடிய பெட்டி. ஆழமான பேஸை அப்படியே கைவிட்டுவிட்டு, மேல் பேஸில் லேசாக ஒரு மேடு வைத்து, இருப்பது போன்ற ஒரு நினைப்பை மட்டும் கொடுத்தார்கள். சத்தமும் குறைவுதான், 1 வாட்டுக்கு ஒரு மீட்டரில் 83 டெசிபெல்லைத் தாண்டாது. மூன்றில் ஒன்றுதான் கிடைத்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் மனிதக் குரல் அதில் அச்சு அசலாக இருந்தது. அதனால்தான் 50 வருடம் கழித்தும் அதே வடிவத்தைப் பல கம்பெனிகள் செய்து விற்கின்றன, வாங்கவும் ஆள் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான வழியை நம் ஊர் டீக்கடைகளில் பார்த்திருக்கலாம். மண்பானை வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தி மூலையில் வைத்திருப்பார்கள். பானைக்குள் அடைபட்ட காற்று ஒரு குறிப்பிட்ட சுருதியில் மட்டும் ஓங்கி அதிரும். பாட்டு எதுவானாலும் 'தும் தும்' ஒன்றுதான். தெருமுனை வரை கேட்கும், சந்தோஷமாகவும் இருக்கும், அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பாஸ் கிட்டார் வாசிப்பவர் நாலு ஸ்வரம் வாசித்தாலும் நமக்குக் கேட்பது பானையின் ஸ்வரம்தான். இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 2.1 செட்டுகள் பலவற்றில், கீழே வைக்கிற அந்தப் பெரிய டப்பா செய்வதும் இதையேதான். பெட்டியில் துளை வைப்பது தப்பில்லை. நெவில் தீலே 1961-இல் எழுதி, ரிச்சர்ட் ஸ்மால் 70-களில் விரித்த கணக்குகள் இருக்கின்றன. இருவரும் ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்தவர்கள். துளையின் நீளம், விட்டம், பெட்டியின் கொள்ளளவு, வூஃபரின் குணம் எல்லாவற்றையும் பொருத்திப் போட்டால் ஒரே சுருதியில் முழங்காத, ஒழுங்கான பேஸ் கிடைக்கும். அந்தக் கணக்கைப் போட்டவர்கள் யார், போடாதவர்கள் யார் என்பதைப் பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. காதுதான் சொல்ல வேண்டும்.

வாட்ஸ் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பி.எம்.பி.ஓ. (ஒரு கணம் மட்டும் எட்டுவதாகச் சொல்லும் உச்ச வாட்ஸ்) என்று பெட்டியில் ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம். பின்பக்கம் அடாப்டரைப் பாருங்கள். 12 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கினால் 36 வாட். சுவரிலிருந்து 36 வாங்கித் தொடர்ந்து 1000 கொடுக்கிற ஆம்ப்ளிஃபயர் உலகத்தில் இல்லை. நமக்கு வேண்டியதும் கொஞ்சம்தான். 1 வாட்டுக்கு 85 டெசிபெல் தரும் சாதாரண புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் இரண்டு, எங்கள் ஹாலில் சோஃபா வரைக்கும் ஆளுக்கு 1 வாட்டிலேயே 80 டெசிபெல் கொடுத்துவிடும். சாதாரணப் பேச்சு 60 சொச்சம்தான். தவில் தனி ஆவர்த்தனத்தின் உச்சங்களுக்கு இடம் விட்டாலும், உண்மையான 30 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ்) இருந்தால் தாராளம்.

கடையில் கேட்டுப் பார்ப்பதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது. ரிச்சி தெருவில் சுவர் முழுக்கப் பெட்டிகளை அடுக்கி, சுவிட்சைத் தட்டித் தட்டி மாற்றிக் காட்டுவார்கள். "இதைக் கேளுங்க சார்" என்று கடைசியாகத் தட்டுவது எப்போதும் கொஞ்சம் சத்தமாக இருக்கும். சத்தமானது நல்லதாகக் கேட்கும், அது காதின் சுபாவம். அதனால் ஒவ்வொன்றையும் மாற்றும்போது வால்யூமையும் சேர்த்துச் சரிசெய்யச் சொல்ல வேண்டும். முகம் கொஞ்சம் மாறும், பரவாயில்லை. கண்ணும் ஏமாற்றும். ஃப்ளாய்ட் டூல் என்ற விஞ்ஞானி முதலில் கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்திலும் பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தார். பெட்டிகளைத் திரைக்குப் பின்னால் வைத்து ஆட்களைக் கேட்க வைத்தார். பெட்டியைப் பார்த்துக்கொண்டு கேட்டபோது கொடுத்த மதிப்பெண்ணும், பார்க்காமல் கேட்டபோது கொடுத்த மதிப்பெண்ணும் வேறு வேறாக இருந்தன. பார்க்காமல் கேட்டபோது பெரும்பாலோருக்கு ஒரே மாதிரி ஸ்பீக்கர்கள்தான் பிடித்தன: நேர் எதிரே எந்த அலைவரிசையையும் கூட்டாமல் குறைக்காமல் தருபவை, பக்கவாட்டில் போகும் ஒலியிலும் திடீர்ப் பள்ளமோ மேடோ இல்லாதவை.

அந்த இரண்டாவது குணம் நம் ஹாலுக்கு மிக முக்கியம். நடு இருக்கையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து யாரும் பாட்டுக் கேட்பதில்லை. அம்மா ஓரத்து நாற்காலியில், மகள் தரையில் சாய்ந்துகொண்டு, மனைவி சமையலறை வாசலில். கடையில் பாட்டு ஓடும்போது எழுந்து பக்கவாட்டில் நாலடி நடந்து பாருங்கள். குரல் மூக்கடைத்ததுபோல மாறினால் அந்தப் பெட்டியை விட்டுவிடலாம்.

எதைப் போட்டுக் கேட்பது? கடைக்காரர்கள் வைத்திருக்கும் 'டெமோ' பாட்டுகள் எந்தப் பெட்டியையும் அழகாகக் காட்டுவதற்கென்றே பொறுக்கியவை. நான் என் ஃபோனில் கொண்டுபோவது மிருதங்கத் தனி ஒன்று, பெண் குரல் ஒன்று, வானொலிப் பேச்சு ஒன்று, நாகஸ்வரம் ஒன்று. மிருதங்கத்தைப் போல ஸ்பீக்கரைக் காட்டிக்கொடுக்கும் வாத்தியம் வேறு இல்லை. சாதாரணத் தோல் வாத்தியங்களில் எழும் மேல் சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதவை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே அப்பிய கருப்புச் சாந்து அவற்றை இழுத்து ஒழுங்குபடுத்துகிறது, அதனால்தான் அதற்குச் சுருதி சேர்க்க முடிகிறது. சி.வி. ராமன் 1920-லேயே இதை எழுதியிருக்கிறார். வூஃபரும் ட்வீட்டரும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் இடம் சரியில்லை என்றால் 'நம்', 'தின்' என்ற சொற்கள் ஒரே மாதிரி 'டக்' என்று கேட்கும். இடப்பக்கம் தொப்பியில் ரவைப் பசை ஒட்டியிருக்கும். உள்ளங்கையை அழுத்தி நகர்த்தும்போது எழும் கும்கி, கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பானை ரகப் பெட்டியில் அது வழுக்காது, ஓரிடத்தில் 'தும்' என்று நின்றுவிடும். நல்ல சின்னப் பெட்டியில் கும்கியின் அடிப்பகுதி மெலிந்திருக்கும், ஆனால் வழுக்கல் முழுசாகக் கேட்கும். எனக்கு அது போதும். பெண் குரலில் 'ச'வும் 'ஸ'வும் ஊசியாகக் குத்தக் கூடாது. நாகஸ்வரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால், ட்வீட்டர் தாங்குகிறதா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சவுண்ட்பார் வேண்டாமா என்று கேட்பார்கள். டிவி மட்டும்தான் என்றால் தாராளமாக வாங்கலாம், ஒரே ஒயரில் வேலை முடியும். பாட்டுக்கு அது எனக்குச் சரிப்படவில்லை. மூன்றடிப் பட்டையில் இடமும் வலமும் இவ்வளவு பக்கத்தில் இருந்தால், பாடகரும் வாத்தியங்களும் எதிரே மேடையில் பரந்து உட்கார்ந்திருப்பது போன்ற உணர்வு வராது. ஸ்டுடியோ மானிட்டர் வாங்கு என்றும் சிலர் சொல்வார்கள். கொடுக்கிற காசுக்கு நல்ல பெட்டிதான், ஆனால் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்கானது. இதில் வேடிக்கை, யமஹா என்எஸ்-10. 1978-இல் வீட்டு ஹாலுக்கென்று வந்து, வீடுகளில் எடுபடாமல் போய், கடைசியில் உலகம் முழுக்க ஸ்டுடியோக்களில் அந்த வெள்ளைக் கோன் உட்கார்ந்துகொண்டது. பதிவின் குறைகளை எல்லாம் பச்சையாகக் காட்டும் என்பதுதான் அங்கே அதற்கு மதிப்பு. வீட்டில் யாருக்கு வேண்டும் அது?

நான் வாங்கியது 5 அங்குல வூஃபர், துணி டோம் ட்வீட்டர், முன்பக்கத் துளை உள்ள பாஸிவ் (உள்ளே ஆம்ப்ளிஃபயர் இல்லாத) ஜோடி ஒன்று. கூடவே ஒரு சின்ன டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர். மொத்தம் 40,000 ரூபாய்க்குள் முடிந்தது. மாடல் பெயரைச் சொல்லப்போவதில்லை, உங்கள் ஹால் என் ஹால் இல்லை. ஆம்ப்ளிஃபயரில் மட்டும் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன்: எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. (டிவியின் ஒலியை ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுவரும் இணைப்பு) இருக்க வேண்டும். ஆப்டிகல் ஒயரிலும் ஒலி நன்றாகத்தான் வரும், ஆனால் டிவி ரிமோட்டில் வால்யூமைக் கூட்டிக் குறைக்கப் பெரும்பாலும் வழியிருக்காது. அம்மா கையில் இரண்டாவது ரிமோட்டைக் கொடுத்துப் பாடம் எடுப்பதைவிட அந்தக் கூடுதல் காசு மலிவு. மகளுக்கு ப்ளூடூத் இருக்கிறது. பாட்டுக்கு அது போதும். படத்துக்கு ஆகாது, வாய் ஒரு பக்கம் போகும், வசனம் பின்னால் வரும்.

கடைக்காரர் 'ஆக்ஸிஜன் ஃப்ரீ' ஒயர் ஒன்றைக் காட்டி விலை சொன்னார். எலக்ட்ரிகல் கடையில் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி வாங்கி, சுவரோரப் பட்டைக்குள் இழுத்துவிட்டேன். சிவப்பு சிவப்புக்கு, கருப்பு கருப்புக்கு. ஒரு பெட்டியில் மட்டும் மாறினால் பேஸ் காணாமல் போய், குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில் வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை. ஷோகேஸில் இரண்டு அறை காலி செய்து தருகிறேன் என்றார் மனைவி. சிமென்ட் அறைக்குள் தள்ளினால் சுற்றியிருக்கும் நாலு சுவரும் பேஸை வீங்கச் செய்யும், குரல் குகைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். டிவி யூனிட் மேலேயே, முன் விளிம்போடு விளிம்பாக, ஆறடி இடைவெளியில் வைத்தோம். யூனிட் தாழ்வாக இருப்பதால் ட்வீட்டர் முழங்கால் உயரத்தில் நின்றது. பழைய ஹவாய் செருப்பை அறுத்து முன்பக்கத்துக்கு மட்டும் முட்டுக் கொடுத்ததில், பெட்டி அண்ணாந்து காதைப் பார்க்கிறது. அதிர்வும் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்குகிறது.

அம்மாவின் ஓரத்து நாற்காலிக்கு ஒரு வழி இருக்கிறது. பெட்டிகளை நேராக வைத்தால் ஓரத்தில் இருப்பவருக்குப் பக்கத்துப் பெட்டியே எல்லாவற்றையும் பேசும், வசனம் திரையில் இருக்கும் ஆளிடமிருந்து வராது. இரண்டையும் நன்றாக உள்பக்கம் திருப்பி, அவற்றின் பார்வைக் கோடுகள் சோஃபாவுக்கு முன்னாலேயே ஒன்றையொன்று வெட்டும்படி வைத்தால், ஓரத்தில் இருப்பவரைத் தூரத்துப் பெட்டி நேராகப் பார்க்கும். பக்கத்துப் பெட்டி பார்வையை விலக்கிக்கொள்ளும். தூரத்தால் குறைவது நேர்ப்பார்வையால் ஈடாகிறது. வசனம் திரைக்குப் பக்கமாக நகர்ந்துவிட்டது. ஆனால் பக்கவாட்டு ஒலி சீராக இருக்கும் பெட்டியில்தான் இது நடக்கும்.

மிச்சம் இருப்பது ஹாலின் எதிரொலி. ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியர் 1895-இல், பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யச் சொல்லி அனுப்பப்பட்டார். பக்கத்துத் தியேட்டரிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து அடுக்கி, காலிக் கூடத்தில் 5 விநாடிக்கு மேல் நீடித்த ஒலி எத்தனை மெத்தைக்கு எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். அவர் கண்ட சூத்திரத்தில் எங்கள் ஹாலைக் காலியாக வைத்துப் போட்டால் கிட்டத்தட்ட 3 விநாடி வருகிறது. வீடு மாற்றும் நாளில் வெற்று அறையில் பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துணி சோஃபா, கனமான திரைச்சீலை, ஒரு புத்தக அலமாரி வந்ததும் பெருமளவு அடங்கியது. சோஃபாவுக்கு முன்னால் பவானி ஜமுக்காளம் விரித்தோம். மெல்லிய பருத்திதான், கைதட்டினால் வரும் கூரான எதிரொலியை மட்டும் குறைக்கும். பேஸை அது ஒன்றும் செய்யாது.

பேஸை எதுவும் சுலபத்தில் ஒன்றும் செய்யாது. 16, 12, 10 அடி என்றால் எங்கள் ஹால் தானாகவே முழங்கும் சுருதிகள் சுமார் 36, 48, 57 ஹெர்ட்ஸ். அந்த இடங்களில் ஆழமாக இறங்கும் பெரிய பெட்டி வைத்தால், பானை வேலையை ஹாலே செய்யும். என் 5 அங்குல வூஃபர் 60-க்குக் கீழே வேகமாக விழுந்துவிடுகிறது. ஹால் அதிகம் கெடுக்கக்கூடிய பகுதிக்குள் அது அவ்வளவாகப் போவதில்லை. ஹாஃப்மன் பிடுங்கிக்கொண்டது இப்படிப் பாதி லாபமாகத் திரும்பியது. சோஃபாவைப் பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்ததும் 72 ஹெர்ட்ஸில் (36-இன் இரண்டு மடங்கு) இருந்த சின்ன முழக்கமும் குறைந்தது. பின்னால் பெருக்க வசதியாக இருக்கிறது என்று அதற்கு மட்டும் வீட்டில் எதிர்ப்பே இல்லை.

நம் ஊருக்கென்று சில விஷயங்கள் உண்டு. வூஃபரின் சுற்று விளிம்பு ஃபோமா ரப்பரா என்று பாருங்கள். சென்னை ஈரத்தில் ஃபோம் சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிரும், பழைய செட் வாங்குபவர்கள் இதைத்தான் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும். செட்டாப் பாக்ஸ் கேபிளைச் சொருகியதும் 'ம்ம்' என்று இரைச்சல் வந்தால் பழுது ஸ்பீக்கரில் இல்லை. கேபிள் வழியாக வரும் எர்த்தும் வீட்டு எர்த்தும் மோதிக்கொள்கின்றன. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போதும் இரையும். மின்விசிறியை நாலில் வைத்தால் தம்புராவின் மெல்லிய ரீங்காரம் பாதி அதில் கரைந்துவிடும். சித்திரை வைகாசியில் விசிறியைக் குறைக்கச் சொல்லி யாரிடமும் கேட்க முடியாது, ஆகவே மிக நுண்ணிய விவரங்களுக்காக இரண்டு மடங்கு விலை கொடுப்பது நம் வெயிலுக்கு வீண். குழந்தைகள் உள்ள வீட்டில் ட்வீட்டர் மேல் கம்பி வலை இருப்பது நல்லது, அந்த உருண்டையை அழுத்தாத விரல் கிடையாது. துளைக்குள் பல்லி போகும். நான் ராத்திரியில் ஒரு ஸ்பாஞ்சைச் செருகிவிடுகிறேன்.

ஒரு சப்வூஃபர் சேர்க்கலாமே என்கிறாள் மகள். கீழ் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, கான்கிரீட் தளம் பேஸை அப்படியே இறக்கிவிடும். இப்போதைக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறேன். என்றைக்காவது வாங்கினால் மூடிய பெட்டியில் 8 அங்குலம், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் அதன் பொறுப்பு. அதற்கு இடம் பார்க்கிற முறை ஒன்று உண்டு: சப்வூஃபரைத் தூக்கி சோஃபாவில் நாம் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு, பாட்டைப் போட்டு, ஹால் முழுக்கச் சுவரோரமாகத் தவழ்ந்து, பேஸ் எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே அதைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். விருந்தாளி யாரும் வராத ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் அதைச் செய்ய முடியும்.